எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

1910-இல் பாரதி புதுச்சேரியிலிருந்து 'கனவு' என்ற தன் சுயசரிதைக் கவிதையை வெளியிட்டார். அதில் திருநெல்வேலியில் இங்கிலீஷ் படித்த நாட்களைத் திட்டித் தீர்க்கிற பகுதி ஒன்று வரும். படித்தவர்கள் பலருக்கும் அந்தத் திட்டின் வேகம்தான் ஞாபகம் இருக்கும். அடிமைக் கல்வி, குமாஸ்தா படிப்பு என்று அதைச் சுருக்கிவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு தனிக் குற்றச்சாட்டு முக்கியமாகப் படுகிறது. பன்னிரண்டு வருஷம் கணக்குப் படிக்கிறார்கள், ஆனால் வானத்தில் ஒரு மீன் எங்கே நிற்கிறது என்று கண்டு சொல்லத் தெரியாது என்கிறார்.

கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பூமி உருண்டை, அது சூரியனைச் சுற்றுகிறது, நிலா பூமியைச் சுற்றுகிறது என்பதெல்லாம் அன்றைக்கு நெல்லையில் படித்த பையன்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். பாரதி கேட்பது வேறு. வெளியே வா, தலையைத் தூக்கு, அது எந்த மீன் என்று சொல். இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் இப்போது வெளிவருகிற வானியல் அறிமுகங்களை வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சிறுவர் நூல்கள், பத்திரிகைத் துணுக்குகள், யூட்யூப் காணொலிகள், பாடப்புத்தகத்தின் 'சூரியக் குடும்பம்' பாடம் எல்லாமே எனக்கு ஒரே இலக்கிய வகைதான். அந்த வகைக்கு என்று ஒரு நடை, ஓர் இலக்கணம் இருக்கிறது. ஆனால் அதை யாரும் இலக்கியமாக எடுத்து விமர்சிப்பதில்லை.

இலக்கணத்தில் முதல் அம்சம் ஆச்சரியக்குறி. வியாழனுக்குள் 1300 பூமிகளை அடைக்கலாம்! வெள்ளியில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம்! சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும்! நியூட்ரான் விண்மீனில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் ஒரு மலையின் எடை! எல்லாமே உண்மை. (சனியைப் போடுவதற்கு அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்.) ஆனால் இவை எல்லாம் சாதனைப் பட்டியல்கள்: பெரியது, வேகமானது, சூடானது, தூரமானது. கின்னஸ் புத்தகம் படிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் சம்பந்தம் இருக்காது. வரிசையை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. வரிசையை மாற்றினாலும் கெடாத எழுத்தை நான் கட்டுரை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், அது பட்டியல்.

அந்த 1300-ஐயே எடுத்துக்கொள்வோம். வியாழனின் விட்டம் பூமியைப் போலச் சுமார் 11 மடங்கு. 11-ஐ 11-ஆல் பெருக்கி மறுபடி 11-ஆல் பெருக்கினால் 1331. முடிந்தது கதை. எட்டாம் வகுப்புப் பிள்ளை தாளில் போட்டுவிடும். இந்த ஒரு வரியைச் சேர்த்தால் வாசகர் அந்த எண்ணைத் தானே உண்டாக்கிவிடுவார். சேர்க்காவிட்டால் அதை அவர் நம்ப வேண்டும். நம்பிக்கைக்கும் அறிவுக்கும் நடுவே ஒரு பெருக்கல் கணக்குதான் தூரம். அதைக்கூட நம் அறிமுக நூல்கள் தருவதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 20 விநாடி ஆகும் என்பது இன்னொரு துணுக்கு. இதை வாசிக்காத தமிழ்ப் பிள்ளையே இருக்க முடியாது. ஆனால் ஒளிக்குப் பயணம் என்று ஒன்று இருப்பதே எப்படித் தெரிய வந்தது? வியாழனைச் சுற்றும் நிலாக்களில் ஐயோ என்று ஒன்று. அது ஒன்றே முக்கால் நாளுக்கு ஒரு சுற்று முடிக்கும், ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் போய் வெளியே வரும். பஸ் டைம்டேபிள் மாதிரி கச்சிதமாக நடக்க வேண்டிய காரியம். 1676-இல் ஓலே ரோமர் என்ற டேனிஷ்காரர் பாரிஸில் உட்கார்ந்து இதைக் கவனித்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகிற மாதங்களில் ஐயோ தாமதமாகிறது, நெருங்கி வருகிற மாதங்களில் சீக்கிரமாக வந்துவிடுகிறது. ஐயோவுக்குப் பூமி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரியாது. ஆக, தாமதம் வழியில் நடக்கிறது. பூமிப் பாதையின் குறுக்களவைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டார். சரியான விடை 16 நிமிடம் 40 விநாடி. அதில் பாதிதான் நாம் மனப்பாடம் செய்கிற 8 நிமிடம் 20 விநாடி. தப்பான விடையோடு சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதைக்கு உயிர் வருகிறது. நம் துணுக்கு அந்த உயிரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் தருகிறது.

இலக்கணத்தின் இரண்டாவது அம்சம் எனக்கு இன்னும் முக்கியம். இந்த எழுத்துக்கு ஊர் கிடையாது. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதே அதில் வராது. வந்தாலும் அது நம் ஊராக இருக்காது.

துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். வடக்கே அசையாமல் நிற்கும், கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டி என்று எல்லா அறிமுகமும் சொல்லும். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில் இருக்கிறது. அதனால் இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே பத்துப் பாகைகூட ஏறாது. கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆக, ஒரு முட்டி உயரத்துக்கும் கீழே, தென்னைமரத்துக்கும் மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால், புழுதிக்குள் மங்கலாகக் கிடக்கும். பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்குத் தெரிந்து, அதைப் பார்த்தவர் என்று யாரும் கிடையாது. ஓரியன் என்ற வேட்டைக்காரன் குளிர்கால வானத்தில் நிமிர்ந்து நிற்பான் என்று படம் போட்டிருக்கும். நமக்கு அவன் கிழக்கே படுத்தபடி எழுந்து உச்சந்தலைக்குப் பக்கத்தில் போய்விடுவான். கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் உண்டு. படத்தை வரைந்தவர் லண்டனிலோ பாஸ்டனிலோ நின்று வரைந்தார், நாம் வசனத்தை மட்டும் தமிழில் மாற்றினோம்.

இதன் மறுபக்கத்தைப் பேசினால்தான் இழப்பு என்னவென்று புரியும். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பிரகாசமான விண்மீன் கனோபஸ். நம் மரபில் அதன் பெயர் அகத்தியர். லண்டனிலிருந்து அதை ஒருநாளும் பார்க்க முடியாது. வடக்கே 37 பாகையைத் தாண்டிவிட்டால் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பொதிகை மலையில் அகத்தியர், அவர் கொண்டுவந்த தாமிரபரணி என்று கதை சொல்லும் ஊரில், தெற்கே மூன்று முட்டி உயரத்தில் அந்த அகத்தியர் ஜம்மென்று நிற்கிறார். நான் பள்ளியில் படித்த பாடத்தில் அவர் கிடையாது, துருவ நட்சத்திரம் உண்டு. பிப்ரவரி இரண்டாவது வாரம், இரவு ஒன்பதே கால் மணி வாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். உயரத்தில் வெள்ளையாக மின்னுவது சிரியஸ். அதிலிருந்து கிட்டத்தட்ட நேர் கீழே இறங்கினால் அடுத்துக் கண்ணில் படுகிற பெரிய மீன் அகத்தியர். தூரம் சுமார் 310 ஒளியாண்டு. '310 ஒளியாண்டு!' என்று ஆச்சரியக்குறி போட்டால் ஒன்றும் விளங்காது. இன்றைக்கு நம் கண்ணில் விழுகிற அந்த ஒளி, கூடக்குறைய நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பிறந்த காலத்தில் கிளம்பியது. கட்டபொம்மன், ஊமைத்துரை, கப்பலோட்டிய வ.உ.சி., எல்லாரும் வந்து போய்விட்டார்கள். ஒளி அப்போதெல்லாம் வழியில் இருந்தது. ஒளியாண்டை இப்படித்தான் விளக்க முடியும் என்று நினைக்கிறேன், ஊர்க்கணக்கில்.

இன்னொன்று. சூரியன் தினமும் நண்பகலில் தலைக்கு நேர் மேலே வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். நெல்லையில் அது வருஷத்துக்கு இரண்டு முறைதான் நடக்கும்: ஏப்ரல் 12 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 31 வாக்கில் ஒன்று. பகல் 12:20 சுமாருக்கு நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால்! (இந்த ஆச்சரியக்குறி என்னுடையது.) லண்டனுக்கு இந்த நாள் கிடையாது. டெல்லிக்கும் கிடையாது. மொழிபெயர்த்த அறிமுகத்தில் இது இருக்க வழியே இல்லை.

சரி, ஊர் சார்ந்த வானம் வேண்டும் என்று சொன்னதும் இன்னொரு கூட்டம் கதவைத் தட்டும். ஆற்றங்கரை நெடுக நம்மிடம் ஏற்கெனவே ஒரு வானம் இருக்கிறதே என்பார்கள். நவகைலாயம். பாபநாசத்தில் சூரியன், சேரன்மகாதேவியில் சந்திரன், கோடகநல்லூரில் செவ்வாய், குன்னத்தூரில் ராகு, முறப்பநாட்டில் குரு, ஸ்ரீவைகுண்டத்தில் சனி, தென்திருப்பேரையில் புதன், ராஜபதியில் கேது, சேர்ந்தபூமங்கலத்தில் சுக்கிரன். மலையடிவாரத்திலிருந்து கடல் பக்கம் வரை ஒன்பது கோயில். அகத்தியரின் சீடர் ரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைகள் ஒதுங்கிய இடங்கள் என்பது தலபுராணம். மார்கழியில் இதற்கென்று சிறப்புப் பேருந்தே விடுகிறார்கள்.

கதையாக எனக்கு இது பிடிக்கும். ஒரு நதியை மேலிருந்து கீழ்வரை வாசிக்கவைக்கிற கதை. ஆனால் 'நம் முன்னோர்கள் சூரியக் குடும்பத்தைத் தாமிரபரணிக் கரையில் வரைந்து வைத்தார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வரும்போது அது கதையின் மதிப்பையும் கெடுத்து வானியலின் மதிப்பையும் கெடுக்கிறது. பட்டியலில் சூரியனும் சந்திரனும் கிரகங்கள், பூமி இல்லை. இடைவெளிகளுக்கும் கோள்களின் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. அதே ஆற்றங்கரையில் வைணவர்கள் நவதிருப்பதி என்று இன்னொரு ஒன்பது வைத்திருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டம் அங்கே சூரியன், தென்திருப்பேரை அங்கே சுக்கிரன். ஒரே ஊருக்கு இரண்டு கோள். வானியல் வரைபடமாக இருந்தால் இது பிழை. தலபுராணமாக இருந்தால் ஒரு பிழையும் இல்லை, இரண்டு மரபு, அவ்வளவுதான்.

இங்கே பகுத்தறிவு பேசுகிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ராகு, கேது என்றதும் மூடநம்பிக்கை என்று தாண்டிப்போய்விடுகிறார்கள். நிலாவின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நடந்தால் கிரகணம், இல்லையென்றால் இல்லை. புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கும். பாம்பு விழுங்குகிறது என்பதைத் தள்ளிவிடலாம். மாதாமாதம் ஏன் கிரகணம் வருவதில்லை என்று ஒரு குழந்தை கேட்டால் குன்னத்தூரிலும் ராஜபதியிலும் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். நல்ல அறிமுக நூல் அங்கேயே தொடங்கலாம்.

அதைவிடக் கசப்பான உண்மை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு நெல்லையில் சனி எந்த ராசியில் இருக்கிறது என்று கேட்டால் யார் பதில் சொல்வார்? ஜோசியர் சொல்வார். ராசிபலன் படிக்கிற பக்கத்துவீட்டு அக்கா சொல்வார். சனி தண்ணீரில் மிதக்கும் என்று தெரிந்த இயற்பியல் மாணவர் சொல்ல மாட்டார். வானத்தில் அது எங்கே இருக்கிறது என்ற தகவலை நாம் முழுசாகப் பஞ்சாங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். பஞ்சாங்கமும் ஒரு குரலில் பேசவில்லை. சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச், வாக்கியப்படி 2026. கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம். எது சரி என்று சேனல்களில் விவாதமே நடந்தது. ஒருவராவது வெளியே வந்து பார்த்தாரா? ராசிக்கு நடுவே போட்ட கோடு மனிதர் போட்டது, அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சனி என்ற மஞ்சள் புள்ளி இன்ன விண்மீனிலிருந்து இத்தனை பாகை தள்ளி நிற்கிறது என்பது தெரியும். வாக்கியம் தருகிற இடத்தில் அது இல்லை என்பதும் தெரியும். பார்த்துத் தீர்க்கக்கூடிய ஒரு கேள்வியை இரண்டு புத்தகங்களின் தகராறாக விட்டுவைத்திருக்கிறோம். பாரதி திட்டியது சரியாக இதைத்தான்.

அந்தத் திட்டு வெளிவந்த அதே 1910-ஐ ஒட்டிய இன்னொரு கவிதையைப் பார்ப்போம்: 'சாதாரண வருஷத்துத் தூமகேது'. தமிழில் வானியல் அறிமுகம் என்ற வகையில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த பிரதி இதுதான். ஹாலி வால்மீனைப் பற்றியது. 'சாதாரண' என்பது ஆண்டின் பெயர், 1910 ஏப்ரல் நடுவில் பிறந்தது. தெரியாமல் வாசித்தால் ஏதோ சாதாரணமான வருஷம் என்று ஆகிவிடும், பலருக்கு ஆகியிருக்கிறது.

கவிதை பார்த்ததில் தொடங்குகிறது, இது முக்கியம். கிழக்கே வெள்ளிக்குத் துணையாக ஒரு சிறு மீன், அதன் தலைமேல் நெடிய வால், தானியமணி ஒன்றின்மேல் பனைமரம் நிற்பது போல. கவி மரபில் அடுக்கிவிடுகிற அலங்காரம் என்று இதை நான் நினைக்கவில்லை. 1910 மே 13-ஆம் தேதி அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படம் இருக்கிறது: ஹாலியின் வால் நீண்டு கிடக்கிறது, அதே படத்தில் வெள்ளி. ஸ்டெல்லேரியம் மென்பொருளில் புதுச்சேரியைப் போட்டு அந்த வாரங்களை ஓட்டினாலும் இதுதான் வருகிறது. (யாராவது முயல்வதாக இருந்தால் 1910-க்கான சுற்றுப்பாதை எண்களைத் தனியே ஏற்றுங்கள். 1986 வருகைக்கான எண்களை வைத்துப் பின்னோக்கி ஓட்டினால் வால்மீன் எங்கேயோ போய் நிற்கும்.)

மே 18, 19-இல் ஹாலி சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே கடந்து போனது. அதன் பிறகு அது மாலையில் மேற்கே தெரிந்தது. விடியலில் வெள்ளியோடு கிழக்கே தெரிந்தது அதற்கு முன்னால். ஆக, கவிதையில் இருக்கிற வானம் சாதாரண வருஷம் பிறந்ததற்கும் மே நடுவுக்கும் இடைப்பட்ட ஒரு மாதத்து வானம். பூமியை வாலால் தீண்டிவிட்டுத் தீங்கில்லாமல் போய்விடுவாய் என்று சொல்கிறார்கள் என இனி நடக்கப்போவதாகவே அவர் எழுதுகிறார், அதுவும் பொருந்துகிறது. ஒரு கவிதையின் தேதியை அதிலுள்ள வானத்தை வைத்தே இந்த அளவுக்கு நெருங்க முடிகிறது என்றால், எழுதியவர் விடியற்காலையில் எழுந்து பார்த்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தப் பனைமரத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். விடியலுக்கு முன் சூரியன் அடிவானத்துக்குக் கீழே, அதனால் வால் மேல்நோக்கிப் போகும். எவ்வளவு நிமிர்ந்து போகும் என்பது நாம் நிற்கும் ஊரைப் பொறுத்தது. வால் சூரியப் பாதையை ஒட்டியே நீண்டதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த மே மாத விடியலில் லண்டனில் அது அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகைதான் நிமிர்ந்திருக்கும், கிட்டத்தட்டப் படுத்துவிட்டது என்று சொல்லலாம். புதுச்சேரியில் சுமார் 55 பாகை. பனை கொஞ்சம் சாய்ந்த பனைதான், ஆனால் நிற்கிற பனை. ஐரோப்பாவில் இருந்து எழுதியிருந்தால் இந்த உவமையே வந்திருக்காது. எட்டயபுரத்துக்காரருக்கு, நம் அட்சரேகையில் நின்றதால் வந்தது. ஊர் சார்ந்த வானியல் என்று நான் மேலே புலம்பியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்து அவர் செய்கிற காரியம் இன்னும் நுட்பமானது. பார்த்ததை முடித்துவிட்டுக் கேள்விப்பட்டதற்குப் போகிறார். வால் மிக மென்மையான வாயுவால் ஆனது, நீளம் எண்ணற்ற கோடி யோசனை, பூமியைத் தொட்டாலும் யாருக்கும் கேடில்லை. இவை அறிஞர் சொல்வது என்று குறித்துவிடுகிறார். நம் நூல்களை நாம் மறந்து பல நூறு ஆண்டு ஆயிற்று, உன்னைப் பற்றி அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்று வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறார். மூன்றாவதாக ஊர்ப்பேச்சுக்கு வருகிறார்: நீ தீயவர்களைத் தண்டிப்பாயாம், உலகத்தைப் புனிதமாக்குவாயாம், சித்திகளும் ஞானமும் உன்னால் திரும்புமாம். இவற்றுக்குப் பின்னால் மட்டும் ஒவ்வொன்றாக மெய்யா பொய்யா என்று கேட்கிறார். அறிஞர் சொன்ன வாயுவுக்கும் வாலுக்கும் அந்தக் கேள்வி இல்லை. கண்டது, கற்றவர் சொன்னது, ஊர் சொன்னது, மூன்றையும் மூன்று தட்டில் வைக்கிறார். நான் பார்க்கிற வேலையில் ஒரு பக் வந்தால் முதல் கேள்வியே இதுதான்: நீ லாகில் பார்த்தியா, யாராவது சொன்னாங்களா, இல்ல அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறியா? இந்தப் பிரிப்பைச் செய்கிற தமிழ் அறிவியல் கட்டுரையை இன்றைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வருஷத்து உலகத்தை நினைத்தால் இந்த நிதானம் இன்னும் பெரிதாகத் தெரியும். வால்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் சயனோஜன் என்ற நச்சுவாயு தெரிந்தது என்று செய்தி வந்து, பூமி அந்த வாலுக்குள் புகப்போகிறது என்றதும் அமெரிக்காவில் சாவித்துவாரத்தை அடைத்தவர்கள் உண்டு. வால்மீன் மாத்திரை விற்றவர்கள் உண்டு. படித்த தேசங்கள்! புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்த ஒரு கவிஞர், வாயு மிக மெல்லியது, கேடில்லை என்ற சரியான செய்தியைப் பிடித்து அதைத் தமிழில் வைத்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. எண்ணற்ற கோடி யோசனை என்பது மிகை. யோசனையைச் சுமார் 13 கிலோமீட்டர் என்று வைத்தால் சூரியனுக்கும் நமக்கும் உள்ள 15 கோடி கிலோமீட்டரே ஒரு கோடி யோசனையைக் கொஞ்சம்தான் தாண்டும். வால் அவ்வளவு நீளமில்லை. இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். எனக்கு உறுத்துவது முடிவு. மெய்யா பொய்யா என்று கேட்கிற குரல் கடைசிக்கு வரும்போது விசாரணைக் குரலாக இல்லை, ஆசைக் குரலாகிவிடுகிறது. ஞானம் திரும்பும் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம். 75 வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வழக்கம் உனக்கு என்று அவரே குறிப்பிடுகிறார். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தது எப்படி என்ற கதைக்குள் அவர் போகவில்லை. எட்மண்ட் ஹாலி 1705-இல் பழைய பதிவுகளை ஒப்பிட்டு 1531, 1607, 1682-இல் வந்தது ஒரே வால்மீன்தான், 1758-இல் திரும்பும் என்று எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். அது 1758 டிசம்பரில் வந்தது. தூமகேது குறி சொல்வதில்லை, அதைப் பற்றித்தான் குறி சொல்ல முடியும் என்று ஆனது அன்றைக்கு. நாட்டுக்கு விடியுமா என்று வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இது போதுமான ஞானமாகப் பட்டிருக்காது போல.

பாரதியின் அந்தத் தொடக்கத்தை யார் தொடர்ந்தார்கள் என்று பார்த்தால் மறுபடி இதே ஆற்றங்கரைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. நவதிருப்பதியில் சனிக்கு உரியது பெருங்குளம். தமிழில் அறிவியல் எழுத்தின் முன்னோடி பெ.நா. அப்புஸ்வாமியின் 'பெ' அந்தப் பெருங்குளம்தான். 1891-இல் பிறந்தவர், தொழிலால் வக்கீல், 1917 முதல் தமிழில் அறிவியல் எழுதினார். 1986-இல், ஹாலி மறுபடி வந்த வருஷத்தில், காலமானார். இரண்டு வருகைக்கு நடுவே ஒரு முழு ஆயுள். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கலைச்சொல்லாக்கம் என்ற ஒரே பெட்டிக்குள் அவரைப் போட்டு மூடிவிடுகிறோம். சொல் வேண்டியதுதான். ஆனால் 'அற்புத உலகம்' போன்ற தலைப்புகளை வைத்து எழுதியவருக்குச் சொல்லைவிட வாசகர்தான் முக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

அதே பெருங்குளத்தைச் சேர்ந்தவர் நாவலாசிரியர் அ. மாதவையா. அவருடைய மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர் பற்றி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுப்பாகக் கிடைக்கின்றன. அதை வாசித்துவிட்டு ஒரு வானியல் அறிமுகத்தை வாசியுங்கள், வித்தியாசம் முகத்தில் அடிக்கும். கிருஷ்ணனின் பறவைக்கு மரம் உண்டு, பருவம் உண்டு, பார்க்கிற ஒருவர் கீழே உண்டு. அது உலகத்திலேயே எத்தனாவது பெரிய பறவை என்ற கவலை அவருக்கு இல்லை. தமிழில் பறவையை எழுத ஒரு கிருஷ்ணன் வந்தார், அவரைத் தொடர்ந்து பலர் வந்தார்கள், இன்றைக்கு ஒவ்வொரு குளத்தங்கரையிலும் பைனாகுலரோடு நாலு பேர் நிற்கிறார்கள். விண்மீனுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள், குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். அதெல்லாம் வேலை, பெருமை. அந்தப் பெருமையைப் பற்றிய கட்டுரைகள் தாராளமாக வருகின்றன.

எனக்கு வேண்டிய புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக்காட்டலாம். இடம் கடையம். பாரதி 1918-லிருந்து 1920 வரை இருந்த ஊர், செல்லம்மாவின் ஊர். வரைபடத்தில் கடையத்திலிருந்து அகத்தியமலைக்கு ஒரு கோடு போட்டால் அது தெற்கும் மேற்கும் கலந்த திசையில், வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் சுமார் 210 பாகையில் போகிறது. அகத்தியர் விண்மீன் இந்த ஊர்களில் மறைவது சுமார் 215 பாகையில். வித்தியாசம் அரை முட்டி. நடுவில் எந்த முகடு மறைக்கும் என்பது நிற்கிற தெருவைப் பொறுத்தது. அதாவது கடையத்திலிருந்து பார்த்தால் அகத்தியர் அகத்தியமலைப் பக்கமாகத்தான் இறங்குகிறார். நெல்லையிலிருந்து பார்த்தால் அப்படி இல்லை, மலை நேர் மேற்கை ஒட்டிப் போய்விடும். இது தற்செயல். தயவுசெய்து யாரும் முன்னோர் விஞ்ஞானம் என்று ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். பாபநாசத்தில் அகத்தியருக்குத் திருமணக் காட்சி கொடுக்கிற சித்திரை விசு அன்றைக்கு இரவு பத்து மணி வாக்கில் அவர் மலைக்குப் பக்கத்தில் வந்திருப்பார். மேகமாக இருந்தால் மறுநாள் பார்க்கலாம், நாலு நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம்.